கௌட் உள்ளவரின் கண்புரை அறுவை சிகிச்சை: கருவிழியைக் காத்த அனுபவம்

கௌட் எனப்படும் யூரிக் அமில மூட்டுவாதத்தோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நான், இரண்டு கண்களிலும் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டு இப்போது தெளிவான பார்வையோடு இருக்கிறேன். ஆயினும் இரண்டு கண்களின் அனுபவமும் ஒன்றுபோல் அமையவில்லை. முதல் கண்ணின்போது, கண்ணுக்கான மருந்துகள் கண் மருத்துவரின் கோப்பிலும் மூட்டுக்கான மருந்துகள் மூட்டு மருத்துவரின் கோப்பிலும் தனித்தனியே இருந்தன; இரண்டையும் ஒரே தாளில் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு எவருக்கும் அமையவில்லை. இரண்டாவது கண்ணுக்கு முன்பு அந்தத் தாளை நானே எழுதி இருவரிடமும் காட்டினேன். கௌட் உள்ளவர்கள் கண்புரை அறுவை சிகிச்சைக்குத் தயாராகும்போது தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு தாளைச் சுற்றியே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கௌட் உள்ளவர்களுக்குக் கண்ணைப் பற்றி முதலில் எழும் அச்சம், மூட்டில் படியும் யூரேட் படிகங்கள் கண்ணிலும் படிந்துவிடுமோ என்பதுதான். எனக்கும் அந்த அச்சம் இருந்தது. இரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது, அது முழுவதும் கரைந்த நிலையில் நிற்க இயலாமல் படிகமாக மாறும் வாய்ப்பு உண்டாகிறது. வெப்பம் குறைந்த இடத்தில் கரைதிறன் மேலும் குறையும் என்பதால், கால் பெருவிரல், காது மடல் போன்ற உடலின் ஓரப்பகுதிகளில் படிகங்கள் எளிதில் சேர்கின்றன. கண் இமையிலும் வெண்விழியின் மேற்படலத்திலும் கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியிலும்கூட (கார்னியா) இவை படிந்ததாக மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. கருவிழியில் படிந்தால், இமைகளுக்கு இடையே திறந்திருக்கும் பகுதியில் பழுப்பு நிறப் பட்டையாகத் தெரியக்கூடும். எனினும் இது மிக அரிதாகவே நிகழ்வது. ஸ்லிட் லேம்ப் எனப்படும் நுண்நோக்கி விளக்கில் கருவிழியை ஆராய்ந்த மருத்துவர், என் கண்ணில் அப்படி எதுவும் இல்லை என்று தெளிவாகக் கூறிய பிறகே எனக்கு மனம் அமைதியடைந்தது. நான் பின்னர் எதிர்கொண்ட சிக்கல்கள் எல்லாம் படிகத்தால் வந்தவை அல்ல. கௌட்டுக்காகவும் கண்ணுக்காகவும் எடுத்துக்கொண்ட மருந்துகள், ஓரளவு திறன் குறைந்திருந்த சிறுநீரகம், வீங்கி மடங்காத விரல்கள் ஆகியவற்றால் வந்தவை.

எனக்கு வந்தது லென்ஸின் பின்புற உறைக்கு அடுத்தாற்போல் உருவாகும் வகைக் கண்புரை. எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணில் பட்டால் பார்வை முழுவதும் வெளுத்துப்போகும். வெயிலில் பார்ப்பதைவிட நிழலில் பார்ப்பது எளிதாக இருக்கும். படிப்பதற்கான கிட்டப்பார்வை முதலில் கெடும். இந்த வகைப் புரையைக் கண்டவுடன் கண் மருத்துவர், “ஸ்டீராய்டு மாத்திரை எடுத்ததுண்டா?” என்று கேட்டார். கௌட் வலி கடுமையாகும்போதெல்லாம் எனக்குப் பிரெட்னிசோலோன் மாத்திரை சில நாள்களுக்கு எழுதித் தரப்படுவது வழக்கம். ஆண்டுகள் பல கடந்ததில் அது கணிசமாகச் சேர்ந்திருந்தது. ஸ்டீராய்டின் நீண்டகாலப் பயன்பாடு இந்த வகைப் புரையை உண்டாக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. என் புரைக்கு அதுதான் காரணம் என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. வயதும் ஒரு காரணமே. ஆனால், திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு தேவைப்படும் அளவுக்குக் கௌட் அடிக்கடி வருகிறதென்றால், யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே நிலையாக வைத்திருக்கும் மருத்துவம் சரிவர நடக்கவில்லை என்று பொருள். கண்ணைக் காப்பதற்கும் அதுவே முதல் படி என்று மூட்டு மருத்துவர் சொன்னது என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையே கண்புரையைக் கொண்டுவரும் என்று கேள்விப்பட்டு, அதை நிறுத்திவிடலாமா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. இதைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அந்த ஐயத்துக்காக மாத்திரையை நிறுத்தினால் யூரிக் அமிலம் ஏறும், கௌட் திரும்பும், மீண்டும் ஸ்டீராய்டு தேவைப்படும். அந்த ஸ்டீராய்டால் புரை வரும் என்பதிலோ ஐயமே இல்லை. ஆகவே நான் நிறுத்தவில்லை.

கருவிழி என்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள, இரத்த நாளம் அற்ற, ஒளி ஊடுருவும் படலம். கண்ணின் ஒளிகுவிக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. அதன் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக அமைந்த செல்கள், கருவிழிக்குள் நீர் தேங்காமல் இடைவிடாது வெளியேற்றிக்கொண்டே இருப்பதால்தான் அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. வளர்ந்த மனிதருக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,000 முதல் 3,000 வரை இருக்கும் இந்தச் செல்கள், அழிந்தால் மீண்டும் உருவாவதில்லை. எஞ்சியவை பரந்து விரிந்து வெற்றிடத்தை நிரப்புகின்றன. எண்ணிக்கை 500 அளவுக்குச் சரிந்துவிட்டால் கருவிழி நீர் கோத்து மங்கத் தொடங்கும் அபாயம் உண்டு. கண்புரையை உடைக்கும் அல்ட்ராசவுண்ட் ஆற்றல் ஒவ்வொரு அறுவை சிகிச்சையிலும் இந்தச் செல்களில் ஒரு பகுதியை இழக்கச் செய்கிறது. புரை முற்றிக் கடினமாகும் அளவுக்குத் தேவைப்படும் ஆற்றலும் இழப்பும் கூடுகின்றன. கால்வலி தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது கருவிழிக்கு நல்லதன்று என்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் செல்களை எண்ணும் ஸ்பெகுலர் மைக்ரோஸ்கோபி என்னும் சோதனையை நான் கேட்டுச் செய்துகொண்டேன். சில நிமிடங்களில் முடியும், வலியற்ற சோதனை அது. எல்லா இடங்களிலும் எல்லோருக்கும் இதைச் செய்வதில்லை. கண் மருத்துவர் விளக்கில் பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்துவிடுவார். ஆனால், நீரிழிவோ, முன்பு கண்ணில் அழற்சி வந்த வரலாறோ, குடும்பத்தில் கருவிழி நோயோ, காலையில் மங்கலாகத் தொடங்கி நேரம் செல்லச் செல்லத் தெளியும் பார்வையோ இருப்பவர்கள் இதைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்ன அறிகுறி, ஃபூக்ஸ் டிஸ்ட்ரோஃபி என்ற கருவிழி நோயில் காணப்படுவது. அது முன்கூட்டியே தெரிந்தால் அறுவை சிகிச்சையின் முறையையே மருத்துவர் மாற்றிக்கொள்வார்.

என் விஷயத்தில் செல்களின் எண்ணிக்கை திருப்தியாக இருந்தது. கண்ணின் மேற்பரப்புதான் வறண்டிருந்தது. ஒருமுறை இமைத்த பிறகு கண்ணீர்ப் படலம் உடையும் வரை எடுக்கும் நேரம் பத்து நொடிக்கும் குறைவாக இருந்தால் அது நிலையற்ற படலம் என்று கருதப்படுகிறது. எனக்கு அது மிகவும் குறைவாக இருந்தது. ஃபுளோரசின் சாயமிட்டுப் பார்த்தபோது கருவிழியின் கீழ்ப்பகுதியில், மேற்புறத்தோல் பழுதுபட்டதன் அடையாளமாக, புள்ளிப் புள்ளியாகச் சாயம் ஏறியிருந்தது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் திறனைக் கணக்கிடுவதற்குக் கருவிழியின் வளைவை அளக்கிறார்கள். வறண்ட மேற்பரப்பில் அந்த அளவு ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக வரும். கருவிழி வளைவை ஒரு டயாப்டர் (ஒளிகுவிக்கும் திறனை அளக்கும் அலகு) தவறாக அளந்தால், அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் பார்வையும் ஏறத்தாழ ஒரு டயாப்டர் தள்ளிப்போகும். எனவே சில வாரங்கள் பதப்பொருள் கலவாத செயற்கைக் கண்ணீரும் இமைக்கு வெந்நீர் ஒத்தடமும் தந்து மேற்பரப்பைச் சீராக்கிய பிறகே மீண்டும் அளந்தார்கள். இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, காத்திருந்தது எவ்வளவு சரியானது என்று எனக்கே புரிந்தது. பல தொலைவுகளுக்குப் பார்வை தரும் லென்ஸ் எனக்கு ஏற்றதன்று, ஒற்றைத் தொலைவு லென்ஸ் போதும் என்ற முடிவும் இந்த வறட்சியைப் பார்த்தே எடுக்கப்பட்டது.

அறுவை சிகிச்சைக்கு முன் மூட்டு மருத்துவரிடம் நான் கேட்டுத் தெளிந்தவற்றில் முதன்மையானது, அலோபியூரினாலை அந்த நாளிலும் நிறுத்தக்கூடாது என்பது. திடீரென நிறுத்துவதும் கூட்டுவதும் இரத்தத்தில் யூரிக் அமில அளவை ஏற்ற இறக்கத்துக்கு உள்ளாக்கி வலியைத் தூண்டும். இதுவரை எடுத்துக்கொள்ளாதவர்கள், அறுவை சிகிச்சையை ஒட்டிய வாரங்களில் அதைப் புதிதாகத் தொடங்காமல் இருப்பதும் நல்லது என்றார். அதற்கு இரண்டு காரணங்களைக் கூறினார். புதிதாகத் தொடங்கும்போது முதல் சில மாதங்கள் கௌட் வலி அடிக்கடி வரும்; அதனால்தான் அக்காலத்தில் கௌட் அழற்சியை அடக்கும் கோல்சிசின் மாத்திரை சிறு அளவில் சேர்த்துத் தரப்படுகிறது. மற்றொன்று கண்ணோடு நேரடியாகத் தொடர்புடையது. அலோபியூரினாலுக்கு மிகச் சிலரின் உடல் கடும் ஒவ்வாமையாக எதிர்வினை ஆற்றும். ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்க்குறி என்னும் அந்த நிலையில் தோலும் வாயும் கண்ணும் புண்ணாகிவிடும். பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் இது வருகிறது. கண்ணில் அது விட்டுச்செல்லும் வடுக்கள், கருவிழியைப் புதுப்பிக்கும் தண்டுச் செல்களையே அழித்து, வாழ்நாள் முழுவதும் தொடரும் கடும் வறட்சியையும் மங்கலையும் உண்டாக்கக்கூடும். ஹெச்எல்ஏ-பி 5801 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அபாயம் பன்மடங்கு அதிகம் என்பதால், அது மிகுதியாகக் காணப்படும் சீன, தாய்லாந்து, கொரிய வம்சாவளியினருக்கு முன்கூட்டியே இரத்தச் சோதனை செய்கிறார்கள். அலோபியூரினாலைக் குறைந்த அளவில், பொதுவாக 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதற்கும் இதுவே காரணம். மருந்து தொடங்கிய வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு ஆகியவை சேர்ந்து வந்தால், அடுத்த மாத்திரையை விழுங்காமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பல ஆண்டுகளாக ஒத்துப்போன மருந்தைப் பற்றி இந்த அச்சம் தேவையில்லை.

சிறுநீர்ச் சிக்கலுக்காக டாம்சுலோசின் எடுக்கும் ஆண்கள் அதையும் கண் மருத்துவரிடம் கூற வேண்டும். அறுவை சிகிச்சையின்போது கண்பாவை சரியாக விரியாமல் போவதற்கும், அதைச் சுற்றியுள்ள நிறப்படலம் தளர்ந்து அலைவதற்கும் அது காரணமாகிறது என்பது 2005-ஆம் ஆண்டிலேயே விளக்கப்பட்டுவிட்டது. எப்போதோ எடுத்து நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கேற்ற ஏற்பாட்டோடு மருத்துவர் தொடங்குவார்.

அறுவை சிகிச்சை நாளில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது தாகம். உடலில் நீர் குறைந்தால் யூரிக் அமிலம் செறிவடையும். சொட்டு மருந்தால் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து செய்யும் சிகிச்சைக்கு நீண்ட நேரம் நீர் அருந்தாமல் இருக்கத் தேவை ஏற்படுவதில்லை. மயக்க மருத்துவர் அனுமதித்த நேரம் வரை நான் வெறும் நீரைத் தாராளமாகப் பருகினேன். மற்றொன்று படுக்கும் நிலை. பதினைந்து இருபது நிமிடங்கள் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். முழங்காலை முழுவதும் நீட்ட இயலாத எனக்கு அதன் அடியில் சிறு தலையணை வைத்தார்கள். விரிப்பு பாதத்தின் மேல் அழுந்தாதபடி தளர்த்திவிடும்படி செவிலியரிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். சிகிச்சையின் நடுவே கால் வலித்துத் திடுக்கென்று அசைந்தால் பாதிக்கப்படப் போவது கண். அன்று கௌட் வலி உச்சத்தில் இருந்தால், தேதியைச் சில நாள் தள்ளிவைக்கும்படி கேட்பதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை; கண்புரை அறுவை சிகிச்சை அவசர சிகிச்சையாக அமைவது மிக அரிது.

முதல் கண்ணின் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அன்று மாலை கண் அழுத்தம் உயர்ந்திருந்தது. கருவிழியின் உட்புறச் செல்களைக் காப்பதற்காகச் சிகிச்சையின்போது கண்ணுக்குள் நிரப்பும் கூழ் போன்ற பொருள் சற்றே தங்கிவிட்டால், நீர் வெளியேறும் வழி அடைபட்டு முதல் நாளில் அழுத்தம் உயர்வது உண்டு. உயர்ந்த அழுத்தம் கருவிழிக்குள் நீரைத் தள்ளி அதை வீங்கச் செய்யும். விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிந்ததற்கும் கண்ணின் மேல் கனமான வலி இருந்ததற்கும் அதுவே காரணம். அழுத்தத்தைக் குறைக்க அசெட்டசோலமைடு மாத்திரை சில நாள்களுக்குத் தரப்பட்டது. வேகமாக வேலை செய்யும், பயன்மிக்க மாத்திரை அது. என் கருவிழி தெளிந்தது. ஆனால் அம்மாத்திரை சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரைக் குறைப்பதோடு, சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதையும் குறைக்கிறது. சிறுநீரகத் திறன் குறைந்தவர்களுக்கு அளவையும் குறைக்க வேண்டும். மாத்திரை முடிவதற்குள் என் வலது கால் பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. சிகிச்சையின் மன அழுத்தமும் தூக்கமின்மையும்கூடக் காரணமாக இருந்திருக்கலாம். மாத்திரை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூட்டு மருத்துவர் அந்தப் பெயரைக் கேட்டவுடன் தலையசைத்தார்.

அந்த வலியை எப்படித் தணிப்பது என்பதுதான் இந்த அனுபவத்தின் கடினமான பகுதி. கௌட் வலிக்கு வழக்கமாக மூன்று வழிகள் உண்டு. புதிதாக அறுக்கப்பட்ட கண்ணோடு இருப்பவருக்கு மூன்றிலும் யோசிக்க வேண்டியவை இருந்தன. ஸ்டீராய்டு மாத்திரை வலியை விரைவில் அடக்கும்; ஆனால் ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஏற்கெனவே கண்ணில் விழுந்துகொண்டிருக்க, அழுத்தமும் அப்போதுதான் இறங்கியிருக்க, உடலுக்குள்ளும் ஸ்டீராய்டைச் செலுத்துவது அழுத்தத்தை மீண்டும் உயர்த்திவிடுமோ என்ற கவலை இருந்தது. டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரண மாத்திரைகள் என் சிறுநீரகத்துக்கு ஏற்றவை அல்ல. எஞ்சியது கோல்சிசின். செல்களின் உள்ளே இருக்கும் நுண்குழாய்களின் அமைப்பைத் தடுப்பதன் மூலம், அழற்சியைத் தூண்டும் வெள்ளணுக்கள் மூட்டுக்கு வந்து குவிவதை அது குறைக்கிறது. செல் பிரிவதற்கும் நகர்வதற்கும் அதே நுண்குழாய்கள்தான் தேவை. கருவிழியின் மேற்புறத்தோல் ஆறுவதோ செல்கள் நகர்ந்து மூடிப் பின்பு பெருகுவதால்தான். கோல்சிசின் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கருவிழிக் காயம் ஆறத் தாமதமானதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு என்பதால், கண் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம் என்று மூட்டு மருத்துவர் கூறினார்.

இரண்டு மருத்துவர்களும் தொலைபேசியில் பேசிக்கொண்டது அப்போதுதான் முதல் முறை. கண் மருத்துவர் மீண்டும் சாயமிட்டுப் பார்த்து, வெட்டுக்காயத்தின் மேற்புறத்தோல் மூடிவிட்டது, புதிய சிராய்ப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்தார். அதன் பிறகு சிறுநீரகத் திறனுக்கேற்பக் குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்குக் கோல்சிசின் தரப்பட்டது. வலி முழுவதும் தணியும் வரை மணிக்கணக்கில் மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருக்கும் பழைய முறை தேவையற்றது என்பதும், குறைந்த அளவே அதே பலனைக் குறைந்த வயிற்றுப்போக்கோடு தருகிறது என்பதும் 2010-இல் வெளிவந்த ஆய்வொன்றில் தெளிவாகிவிட்டது. விரலுக்குப் பனிக்கட்டி ஒத்தடமும் வைத்துக்கொண்டேன். நொண்டி நடக்கும் அந்த நாள்களில் தடுமாறிக் கண்ணில் இடித்துக்கொள்ளாமல் இருக்க, பகலிலும் கண்கவசத்தைக் கழற்றவில்லை. ஒரே மூட்டில் மட்டும் வலி இருப்பவர்களுக்கு அந்த மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடும் வழியும் இருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன். உடல் முழுவதும் பரவும் அளவு மாத்திரையைவிடக் குறைவு என்பதால், இந்த நிலையில் கேட்டுப் பார்க்கத்தக்க வழி அது.

சொட்டு மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் சிகிச்சை முடிந்த பின் கருவிழியின் நலம் நம் கைகளிலேயே இருக்கிறது. கௌட் உள்ளவரின் கைகளுக்கு அது எளிதான வேலை அன்று. என் வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் யூரேட் கட்டிகள் உள்ளன. குப்பியைப் பிதுக்கும்போது விரல் நழுவி, முனை கண்ணில் உரசினால் கருவிழி சிராய்ந்துவிடும். முனையில் கிருமியும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நான் படுத்த நிலையில், மணிக்கட்டை நெற்றியில் ஊன்றிக்கொண்டு, கீழிமையை மறு கையால் இழுத்துப் பிடித்து, அந்தக் குழியில் சொட்டு விழும்படி செய்தேன். கை ஒத்துழைக்காத நாள்களில் என் மகளே ஊற்றினாள். பதப்பொருள் கலவாத கண்ணீர் மருந்து சிறு பிளாஸ்டிக் குமிழ்களில் வருகிறது. அதன் மூடியைத் திருகி ஒடிப்பது வீங்கிய விரலுக்குப் பெரும்பாடு. பல முறை பயன்படுத்தும் பதப்பொருளற்ற குப்பிகளோ, சாதாரணக் குப்பியைவிட இறுக்கமாக இருக்கின்றன. வாங்குவதற்கு முன் கையில் எடுத்து அழுத்திப் பார்ப்பதும், குப்பியைப் பொருத்தி அழுத்த உதவும் எளிய கருவிகள் கிடைக்கின்றனவா என்று விசாரிப்பதும் நல்லது. கலவை மருந்தாகத் தந்து சொட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்று இரண்டாவது கண்ணின்போது கேட்டேன், முடிந்தது.

ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் ஐந்து நிமிட இடைவெளி, களிம்பு எப்போதும் கடைசி, சொட்டு விட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை மென்மையாக ஒரு நிமிடம் அழுத்திக்கொள்வது ஆகியவை எல்லோருக்கும் பொதுவான விதிகள். கெட்டோரோலாக், நெபாஃபெனாக் போன்ற அழற்சி தணிக்கும் சொட்டு மருந்துகளைப் பற்றி மட்டும் தனியாக எச்சரிக்க வேண்டும். விழித்திரையின் மையத்தில் நீர் கோப்பதைத் தடுப்பதற்காக அவை தரப்படுகின்றன, தேவையான மருந்துகளே. ஆனால் கண் வறட்சி, நீரிழிவு, முடக்குவாதம், கருவிழிப் புண் ஆகியவை உள்ளவர்களுக்குக் கருவிழி மெலிந்து கரையும் அபாயம் உண்டு என்றும், அறுவை சிகிச்சைக்குப் பின் பதினான்கு நாள்களுக்கு மேல் நீடித்தால் அந்த அபாயம் கூடலாம் என்றும் அவற்றின் குறிப்பேடுகளிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. கௌட் வலிக்கு மாத்திரை எடுத்துப் பழகியவர்களுக்கு, வலி இருக்கும் வரை மருந்தைத் தொடர்வது இயல்பாகவே வந்துவிடும். கண்ணில் அந்தப் பழக்கம் கூடாது. மருத்துவர் குறித்துத் தந்த நாளோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தொடர வேண்டுமென்றால் அது கருவிழியைப் பார்த்த பிறகு அவர் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும்.

கௌட் உள்ளவர்களுக்குக் கண் அவ்வப்போது சிவப்பதுண்டு. வெண்விழியின் மேற்படல அழற்சியோடு கௌட்டைத் தொடர்புபடுத்தி மருத்துவ நூல்கள் பேசுகின்றன. அந்தப் பழக்கத்தில், அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் சிவப்பையும் அதே கணக்கில் எழுதிவிடும் ஆபத்து மிகப் பெரியது. சிகிச்சைக்குப் பிந்தைய நாள்களில் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினால், தெளிந்து வந்த பார்வை மீண்டும் மங்கினால், இமை வீங்கினால், அது கண்ணுக்குள் புகுந்த நோய்த்தொற்றாக இருக்கலாம். அரிதானதே என்றாலும், சில மணி நேரத்திலேயே பார்வையைப் பறிக்கக்கூடியது. மறுநாள் காலை வரை காத்திருக்காமல், எந்த நேரமானாலும் கண் மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். கௌட் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பார்ப்போம் என்று ஒருவரும் இருக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது கண்ணுக்கு முன்பு நான் எழுதிய தாளில், எடுக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும், கடைசி யூரிக் அமில அளவும், சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் அளவும், கடைசியாகக் கௌட் வந்த நாளும், கடந்த ஆண்டுகளில் ஸ்டீராய்டு எடுத்த விவரமும், முதல் கண்ணில் அழுத்தம் உயர்ந்ததும், அதன் பின் விரல் வீங்கியதும் இருந்தன. கண் மருத்துவர் அதைப் படித்துவிட்டு, கூழ்ப்பொருளை இன்னும் முழுமையாக அகற்றுவதாகவும், அழுத்தம் உயர்ந்தால் முதலில் சொட்டு மருந்தால் குறைத்துப் பார்ப்பதாகவும் கூறினார். அழுத்தத்தைக் குறைக்கும் டைமோலோல் சொட்டு மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது; எனக்கு அந்தத் தடை இல்லை. அழுத்தம் பார்வை நரம்புக்கே ஆபத்து தரும் அளவுக்கு உயர்ந்தால் அசெட்டசோலமைடு தரத்தான் வேண்டும், அப்போது கால் விரலைவிடக் கண்தான் முக்கியம் என்பதையும் அவர் ஒளிவின்றிச் சொன்னார். அதை நானும் முழு மனத்தோடு ஏற்றேன். மூட்டு மருத்துவரோ, யூரிக் அமிலம் பல மாதங்களாக 6-க்குக் கீழே நிலைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, வலி வந்தால் எந்த மருந்து, எந்த அளவு என்பதை அந்தத் தாளின் கீழேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அழுத்தம் சற்றே உயர்ந்து, சொட்டு மருந்திலேயே அடங்கியது, கௌட் வரவில்லை.

கருவிழிக்காக வேறு சிகிச்சை பெறுவோருக்கும் அந்தத் தாள் தேவைப்படும் இடங்கள் உண்டு. கருவிழியில் பூஞ்சைத் தொற்று வந்து கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் போன்ற மாத்திரைகள் தரப்பட்டால், அவை கோல்சிசினை உடல் வெளியேற்றுவதைத் தடுத்து, வழக்கமான அளவையே நஞ்சாக்கிவிடக்கூடும். கருவிழி மாற்று சிகிச்சைக்குப் பின் சிலருக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரின் மாத்திரைக்கும் அது பொருந்தும்; போதாக்குறைக்கு அது யூரிக் அமிலத்தையும் உயர்த்தும். வறட்சிக்காகக் கண்ணில் விடும் சைக்ளோஸ்போரின் சொட்டுக்கு இந்தக் கவலை இல்லை. கண்ணில் ஹெர்பீஸ் தொற்று முன்பு வந்தவர்கள், ஸ்டீராய்டு சொட்டு மருந்து தொடங்குமுன் அதைச் சொல்ல வேண்டும். அதற்கான ஏசைக்ளோவிர் மாத்திரையின் அளவைச் சிறுநீரகத் திறனைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள்.

கருவிழியில் இடும் இரண்டரை மில்லிமீட்டர் அளவு வெட்டு அங்குள்ள நுண்ணரம்புகளையும் அறுக்கிறது. அவை மீண்டு வரும் வரை, ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு, கண் உறுத்துவதும் நீர் வடிவதும் பார்வை நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதும் இயல்பு. அக்காலம் முழுவதும் பதப்பொருளற்ற கண்ணீர் மருந்தைத் தொடர்ந்தேன். புதிய மூக்குக் கண்ணாடிக்கு உடனே அளவெடுக்காமல், கருவிழியின் வளைவு அடுத்தடுத்த இரண்டு அளவுகளில் மாறாமல் வந்த பின்னரே எடுத்துக்கொண்டேன். இப்போது ஆண்டுக்கொரு முறை கண் அழுத்தமும் கருவிழியும் சோதிக்கப்படுகின்றன; அதே வாரத்தில் யூரிக் அமிலமும் கிரியாட்டினினும் பார்த்து, இரண்டு முடிவுகளையும் இரண்டு மருத்துவர்களுக்கும் அனுப்பிவிடுகிறேன்.